மலை ரயில் போன வழி

மூணாற்றுக்குக் கிழக்கே, தேனி ஜில்லாவின் எல்லைக்குள், மலையின் விளிம்பில் டாப் ஸ்டேஷன் என்று ஓர் இடம் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,700 மீட்டர் உயரமுள்ள அவ்விடத்தில் நின்று பார்த்தால், காலடியில் செங்குத்தாக இறங்கும் சரிவுகளும், அவற்றுக்கு அப்பால் போடிநாயக்கனூர்ச் சீமையின் சமவெளியும் தெரியும். விடுமுறை நாட்களில் ஜனங்கள் திரள் திரளாக மோட்டார்களில் வந்து இறங்கி, மேகத்தைப் படம் பிடித்துக்கொண்டு, சுட்ட சோளக்கதிரைத் தின்றுவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். சென்ற மார்கழியில் நாமும் குடும்ப சகிதமாய் அங்கே போயிருந்தோம். மோட்டாரில் செல்லாமல், மூணாற்றிலிருந்து இரண்டு நாட்களில் நடந்தே போய்ச் சேர்ந்தோம். சேர்ந்ததும் நம் வீட்டுச் சிறுவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "டாப் ஸ்டேஷன் என்று சொல்லித்தானே நடக்க வைத்தீர்கள்? ஸ்டேஷன் எங்கே? தண்டவாளம் எங்கே?" என்று கேட்டான்.

கேள்வி நியாயமானது. அதற்கு விடை கூறும் ஒரு பலகைகூட நம் கண்ணில் படவில்லை. பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது. பெயருக்குக் காரணமானது மறைந்துவிட்டது. மறைந்ததை ஞாபகப்படுத்துவார் யாருமில்லை. அச்சிறுவனுக்கு அன்று நாம் சொன்ன விடையை இங்கே எழுதுகிறோம். இவ்விஷயத்தில் தமிழ்நாட்டுச் சர்க்காரும் கேரளச் சர்க்காரும் சொல்ல வேண்டிய விடை ஒன்றும் உண்டு என்பது நம் அபிப்பிராயம்.

முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடுமிடம் மூணாறு. பூஞ்சாற்று அரச குடும்பத்தாரிடமிருந்து 1877-ல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் இம்மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். 1897-ல் கண்ணன் தேவன் மலைக் கம்பெனி ஏற்பட்டது. காடு திருத்தித் தேயிலை பயிரிட்டாயிற்று; விளைந்த தேயிலையைக் கீழே கொண்டு சேர்ப்பது எப்படி என்பதே பெரிய பிரச்னையாக நின்றது. அதற்காகக் குண்டளைப் பள்ளத்தாக்கின் வழியே 1902-ல் ஒரு விசித்திரமான ரயில் அமைத்தார்கள். அதற்குத் தண்டவாளம் ஒன்றே. வண்டியின் பாரம் பெரும்பாலும் அவ்வொற்றைத் தண்டவாளத்தின் மேல் நிற்கும். வண்டி சாய்ந்து விடாதபடி பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் தரையில் உருண்டு வரும். இழுப்பவை மாடுகள். 1908-ல் இதை மாற்றி, இரண்டடி அகலமுள்ள இரட்டைத் தண்டவாளம் போட்டு, நீராவி எஞ்சினை ஓட்டினார்கள். அதே 1908-ல்தான் நீலகிரி மலை ரயில் உதகமண்டலம் வரை நீட்டப்பட்டது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரே ஆண்டில் இரண்டு இடங்களில் எஞ்சினின் ஊதல் புதிதாய்க் கேட்டது. ஒன்றை உலகம் அறியும். மற்றொன்றை நம் பிள்ளைகளே அறியார்.

மூணாற்றில் ஏற்றிய தேயிலை மாட்டுப்பட்டி, பாலாறு வழியாக முப்பது கிலோமீட்டருக்கும் மேல் ரயிலில் சென்று டாப் ஸ்டேஷனை அடையும். அங்கே மலை அறுந்து விழுவதால் ரயிலுக்கு வழியில்லை. ஆகவே பெட்டிகள் அந்தரத்தில் கட்டிய கம்பிப் பாதையில் தொங்கிக்கொண்டு ஆயிரம் மீட்டருக்கும் மேல் இறங்கிக் கொட்டகுடியை அடையும். அவ்வடிவாரத்துக்குப் பாட்டம் ஸ்டேஷன் என்று பெயர். நடுவே இருந்த இடம் இன்றும் சென்ட்ரல் என்றே வழங்குகிறது. கொட்டகுடியிலிருந்து போடிநாயக்கனூருக்கு மாட்டு வண்டி. போடிக்கு ரயில் வந்ததோ 1928-ல். அதற்கு நான்கு ஆண்டு முன்பே மலை ரயில் மாண்டு போயிற்று. மேலே ஓடிய ரயிலும் கீழே ஓடிய ரயிலும் ஒன்றையொன்று காணவே இல்லை.

மாண்டது எவ்வாறு? 1924-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் மேற்கு மலைகளில் பெய்த பெருமழையை மலையாளத்தார் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்பார்கள்; அது கொல்லம் ஆண்டு 1099. மலைகள் சரிந்தன, ஆறுகள் ஊர்களுக்குள் புகுந்தன, ஆலுவாயிலிருந்து மூணாற்றுக்கு வந்த பழைய சாலை சிதைந்தது, குண்டளை ரயில் பாதையும் அடித்துக்கொண்டு போகப்பட்டது. கம்பெனியார் அதை மீண்டும் போடவில்லை. காலப்போக்கில் சாலைகளும் மோட்டார் வண்டிகளும் அதன் வேலையை ஏற்றுக்கொண்டன. மூணாற்றிலிருந்த ஸ்டேஷன் கட்டிடம் தேயிலைக் கம்பெனியின் காரியாலயமாயிற்று. ரயிலின் சக்கரம் ஒன்று மூணாற்றுத் தேயிலைக் கண்காட்சிச் சாலையில் இருக்கிறது. டாப் ஸ்டேஷனில் கம்பிப் பாதையின் சிதைவுகள் சில எஞ்சியிருக்கின்றன. 2024-ல் அவ்வெள்ளத்துக்கு நூறு ஆண்டு நிறைந்தது.

இதுவரை கூறியது கம்பெனியின் கதை. இனிக் கூற வேண்டியது ஜனங்களின் கதை. பள்ளத்தாக்கை வெட்டி நிரவியவர் யார்? பெட்டியை ஏற்றி இறக்கியவர் யார்? கொழுந்து கிள்ளியவர் யார்? மதுரை, திருநெல்வேலி, ராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் அழைத்துப்போன தமிழ்த் தொழிலாளரே அவர்கள். அவர்கள் ரயிலேறி வரவில்லை; ரயில் தேயிலைக்காக ஏற்பட்டது. போடியைக் கடந்து, குரங்கணி வழியாகச் செங்குத்தான மலைப் பாதையில், தலையில் சட்டி பானை மூட்டையும் இடுப்பில் கைக்குழந்தையுமாய்க் குடும்பம் குடும்பமாக நடந்தே ஏறினார்கள். பஞ்சமும் கடனும் பின்னால் விரட்ட, காணாத குளிர் முன்னால் நிற்க, அவர்கள் நடந்தார்கள். இம்மலையில் குடும்பத்துடன் நடந்தவர்களின் முதல் வரிசை அதுவே. நாம் உல்லாசத்துக்காக நடப்பது நேற்று வந்த பழக்கம்.

இவ்வெண்ணம் நடக்கும்போதுதான் தோன்றிற்று. மோட்டாரில் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய தூரத்துக்கு இரண்டு நாள் செலவிடுவது எதற்கு என்று உறவினர் சிலர் நம்மைக் கேலி செய்தார்கள். நம்முடன் வந்தவர் அறுபது வயதைக் கடந்த நம் தமக்கையார், நம் மனைவி, பிள்ளைகள் இருவர். இவர்களில் எவரும் மலையேறிப் பழகியவரல்லர். ஆயினும் ஒருவரும் களைத்து உட்காரவில்லை. காரணம் எளிது. நீலகிரியில் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி வீதம் ஏறுவதற்குப் பல்சக்கரம் வேண்டியிருந்தது. அவ்வாறான பல்சக்கரம் இல்லாத சிறு எஞ்சின் செங்குத்தில் ஏறாது. ஆதலால் அதன் வழி பள்ளத்தாக்கைத் தழுவி, வளைந்து வளைந்து, மெல்ல மெல்ல உயர வேண்டும். எஞ்சினுக்கு இதமான ஏற்றம் கிழவிக்கும் குழந்தைக்கும் இதமானதே. ரயில் சென்ற அப்பள்ளத்தாக்கின் வழியேதான் இன்றைய சாலையும் பெரும்பாலும் செல்கிறது. குடும்பத்துடன் நடப்பதற்கு இதனினும் தகுந்த மலைவழி நம் நாட்டில் அதிகம் இல்லை.

ஆனால் நடந்தவர்கள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். சாலையின் ஓரத்தில் நடப்பதற்கென்று ஒரு முழ இடமும் ஒதுக்கப்படவில்லை. வளைவுதோறும் மோட்டார்கள் ஒலியெழுப்பிக்கொண்டு உராய்வது போல் வருகின்றன. பிள்ளைகளின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு மலைச் சுவரோடு ஒட்டி நிற்பதே பாதி நேரம் வேலையாயிற்று. ஏரிகளின் அருகே கடைகளும் படகும் குதிரைச் சவாரியும் கூட்டமும் குப்பையும். அவற்றைத் தாண்டினால் மீண்டும் தேயிலையின் பச்சையும் மலைக்காற்றும். குண்டளையில் ஓரிரவு தங்கிவிட்டு மறுநாள் விடியற்காலையில் புறப்பட்டபோது, கொழுந்து கிள்ளப் போகும் பெண்கள் எதிர்ப்பட்டார்கள். நம் தமக்கையாரைக் கண்டு, "எந்த ஊரு ஆத்தா? நடந்தா போறீக?" என்று விசாரித்தார்கள். அவர்களுடைய பேச்சு நாலு தலைமுறைக்குப் பின்னும் கரிசல் காட்டை விட்டு வரவில்லை. சாலையில் நடந்து சென்றவர்கள் அன்று அவர்களும் நாமுமே.

இப்போது நம் யோசனையைக் கூறுகிறோம். ரயில் சென்ற வழியை, மூணாறு முதல் டாப் ஸ்டேஷன் வரையிலும், அங்கிருந்து சென்ட்ரல் வழியாகக் கொட்டகுடி வரையிலும், ஒரே சரித்திரப் பாதையாகக் கருதி, நடப்பவர்களுக்கென்று ஒழுங்குபடுத்த வேண்டும். இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. பழைய வழி எது என்பதை ஆவணங்களைக் கொண்டும் மண்ணைக் கொண்டும் அளந்து குறிக்க வேண்டும். சாலையோடு அது கலந்த இடங்களில் நடைபாதை ஒன்றைத் தனியே பிரிக்க வேண்டும். சாலையை விட்டு விலகிய இடங்களில் எஞ்சியிருக்கும் சுவரையும் பாலத் தூணையும் இடிக்காமல் காக்க வேண்டும். ஸ்டேஷன்கள் இருந்த இடங்களில் தமிழிலும் மலையாளத்திலும் பலகை நாட்டி, ரயிலின் கதையையும் அதைக் கட்டியவர்களின் கதையையும் எழுத வேண்டும். வழிகாட்டும் வேலையைத் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கும் மலைவாசி இளைஞருக்கும் கொடுக்க வேண்டும்.

இதற்கு ஆட்சேபங்கள் உண்டு. முதலாவது, உயிர்ச்சேதத்தைப் பற்றியது. 2018-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி, மலை நடைக்குச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை எவரும் மறந்திருக்க முடியாது. பெரும்பாலோர் வாலிப வயதினர். காய்ந்த புல், உச்சிப் பகல், திசை மாறி வீசிய காற்று, வழியறியாத கூட்டம் எல்லாம் ஒன்று சேர்ந்தன. அத்துயரத்துக்குப் பின் அதே ஆண்டில் தமிழ்நாட்டுச் சர்க்கார் மலை நடைக்கு விதிகள் வகுத்தார்கள். 2024-ல் வன இலாகாவின் மேற்பார்வையில் நாற்பது பாதைகளை அனுமதிச் சீட்டுடனும் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுடனும் திறந்தார்கள். தீ பரவும் பருவத்தில் அவற்றை மூடுகிறார்கள். இதுவே சரியான முறை. பாதையைப் பூட்டி வைத்துவிட்டால் போகிறவர்கள் நின்று விடுவதில்லை, களவாகப் போகிறார்கள். களவாகப் போகிறவனுக்குத் தீ எங்கே எரிகிறது என்று சொல்வார் யாருமில்லை. ஆகவே டாப் ஸ்டேஷனுக்குக் கிழக்கேயுள்ள இறக்கத்தில், காட்டுக்குரிய எல்லா விதிகளும் கண்டிப்பாக இருக்கட்டும். எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கட்டும். சிறு குழந்தைகளை அங்கே அழைத்துச் செல்ல வேண்டாம் என்றே நாம் கூறுவோம். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரையுள்ள மேற்குப் பகுதியே குடும்பங்களுக்கு உரியது.

இரண்டாவது ஆட்சேபம் மிகுந்த உற்சாகத்திலிருந்து பிறப்பது. நடைபாதை எதற்கு, ரயிலையே மீண்டும் ஓட்டி விடலாமே என்கிறார்கள் சிலர். ஆசை அழகானதுதான். 1924-ல் அந்த ரயிலை அழித்தது எதிரியின் படையன்று. மலையின் சரிவும் மழையின் வேகமுமே. அவை இன்றும் அங்கேயே இருக்கின்றன. 2020-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி இரவில் மூணாற்றுக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் லயங்களின் மேல் விழுந்தது. எழுபது உயிர்கள் போயின. அவர்களும் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினரே. இத்தகைய மலையில் மேலும் பாறையை உடைத்து, சரிவை வெட்டிப் புதிய பாதை போடுமுன் நூறு முறை யோசிக்க வேண்டும். மனிதனுடைய பாதம் மலையிடம் கேட்கும் இடம் மிகச் சொற்பம். அதைக் கொடுப்பதில் மலைக்கு நஷ்டமில்லை.

மூன்றாவது, இரண்டு ராஜ்யங்களுக்குப் பொதுவான காரியத்தை யார் செய்வது என்பது. 1956-ல் எல்லை பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. அதுபற்றித் தமிழ் மக்களுக்கு இருந்த மனக்குறை யாவரும் அறிந்ததே. அந்தப் பழைய வழக்கை இங்கே நாம் கிளப்பவில்லை. பழைய ரயில் வழியின் பெரும்பகுதி கேரளத்திலும், அதன் உச்சியும் இறக்கமும் தமிழ்நாட்டிலும் இருக்கின்றன. பாதி வழியைக் காப்பது வழியைக் காப்பதாகாது. அணையின் நீரைப் பற்றிப் பேச எத்தனையோ முறை உட்கார்ந்து மனக்கசப்புடன் எழுந்த இரு சர்க்கார்களும், நடைவழியைப் பற்றிப் பேச ஒரு முறை உட்கார்ந்தால் மனக்கசப்புக்கு இடமிராது. தேனி, இடுக்கி ஜில்லாக் கலெக்டர்களும் இரு வன இலாகாக்களும் கூடினாலே காரியம் பாதி முடிந்துவிடும்.

இது நடவாத காரியம் என்று எண்ண வேண்டாம். நியூஸிலாந்து தேசத்தில் ரெமுடகா என்னும் மலையில் 1878 முதல் 1955 வரை ஒரு செங்குத்தான ரயில் ஓடிற்று. ரயில் நின்ற பின் பாதையைக் காடு மூட விட்டுவிடாமல், 1987-ல் நடப்பவர்களுக்கென்று திறந்தார்கள். இன்று அங்கே தாத்தாவும் பேரனும் பழைய சுரங்கத்தின் வழியே விளக்கை ஏந்தி நடக்கிறார்கள். ஆஸ்திரியாவில் 1854-ல் முடிந்த ஸெம்மரிங் மலை ரயிலின் பக்கத்திலேயே நடைவழி அமைத்திருக்கிறார்கள். அவர்கள் தம் பாட்டன்மாரின் உழைப்பைப் பிள்ளைகளுக்குக் கால் வழியாகக் கற்பிக்கிறார்கள். நம் நீலகிரி ரயிலுக்கு 2005-ல் உலக மரபுச் சின்னம் என்னும் கௌரவம் கிடைத்தது. உயிரோடிருக்கும் ரயிலைக் கொண்டாடத் தெரிந்த நமக்கு, இறந்த ரயிலின் சமாதியில் ஒரு கல் நாட்டவா தெரியாது?

சர்க்கார் செய்யும்வரை நாம் கைகட்டி இருக்க வேண்டுமென்பதில்லை. நம் குடும்பங்களில் விடுமுறை என்றால் மோட்டார், ஹோட்டல், படம் என்று ஆகிவிட்டது. ஐந்து இடங்களை ஒரே நாளில் பார்த்துவிட்டு ஒன்றையும் காணாமல் திரும்புகிறோம். பெற்றோர்களுக்கு நாம் சொல்வது இது: மழை ஓய்ந்து, புல் காய்வதற்கு முந்திய மார்கழி, தை மாதங்களில் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். விடியற்காலையில் புறப்பட்டு, மோட்டார்க் கூட்டம் பெருகுமுன் நடையை முடித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் நடக்க முடிந்ததை மட்டும் நடவுங்கள். எஞ்சியதற்குப் பஸ் இருக்கிறது. அனுமதி வேண்டிய இடத்தில் அனுமதியின்றி ஓர் அடியும் வைக்க வேண்டாம். கொண்டுபோன குப்பையைத் திருப்பிக் கொண்டு வாருங்கள். எதிர்ப்படும் தொழிலாளரைக் காட்சிப் பொருளைப் போல் படம் பிடிக்காமல், ஊரும் பெயரும் கேட்டு இரண்டு வார்த்தை பேசுங்கள்.

அவ்வாறு பேசினால் தெரியவரும் விஷயங்கள் பல. 2015-ல் மூணாற்றில் கூலிக்காகவும் போனஸுக்காகவும் தலைவர்களை எதிர்பாராமல் தெருவில் உட்கார்ந்து போராடி, கம்பெனியையும் சர்க்காரையும் பேச்சுக்கு இழுத்த பெண்கள் இந்த மலையைச் சேர்ந்தவர்கள். சட்டி பானையுடன் ஏறி வந்தவர்களின் பேத்திகள் அவர்கள். பழைய பாதையை நினைவு கூர்ந்துவிட்டு, அதில் வந்தவர்களின் சந்ததியார் ஒழுகும் லயத்தில் இருப்பதைப் பாராதிருப்பது நேர்மையாகாது. பாதையின் மூலம் வரும் பணத்தில் ஒரு பங்கு அவர்களுடைய பள்ளிக்கும் குடியிருப்புக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதையும் நம் யோசனையின் அங்கமாகவே கூறுகிறோம்.

போடிநாயக்கனூருக்கு அகல ரயில் பாதை போடுவதற்காக 2010-ம் ஆண்டின் முடிவில் நிறுத்தப்பட்ட ரயில், 2023 ஜூன் மாதத்தில் மீண்டும் வந்தது. ஊர் ஜனங்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். கீழே ரயில் வந்துவிட்டது. மேலே ரயில் வர வேண்டியதில்லை. மேலே நடந்து வருகிறவர்களுக்கு ஒரு வழி இருந்தால் போதும். நூறு ஆண்டுக்கு முன் ஒன்றையொன்று காணாமற் போன இரு பாதைகளையும் நம் பிள்ளைகளின் கால்கள் அப்போது சேர்த்து வைக்கும்.

டாப் ஸ்டேஷனில் நம் வீட்டுச் சிறுவன் கேட்ட கேள்விக்கு நாம் இவ்வளவையும் சொல்லி முடித்தோம். அவன் சற்று நேரம் பள்ளத்தையே பார்த்திருந்துவிட்டு, "அவங்க இதிலேயா ஏறி வந்தாங்க, குழந்தையைத் தூக்கிக்கிட்டு?" என்று கேட்டான். ஆம் என்றோம். அதற்குமேல் அவன் ரயிலைப் பற்றி விசாரிக்கவில்லை.